கதவைப் பூட்டியது யார்?

"கோடி கோடியா வாங்குறாய்ங்க, இவய்ங்களுக்கு என்னத்துக்குண்ணே சங்கம்?" மதுரையில் பசுமலைப் பக்கம் விளையாட்டைப் பற்றிப் பேச்சு எழும் எந்த டீக்கடையிலும் இதைக் கேட்கலாம். கேட்பவர் மில்லில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவராக இருப்பார்; கைபேசியில் அமெரிக்கக் கூடைப்பந்து பார்க்கும் கல்லூரிப் பையனாகவும் இருப்பான். இருவருக்கும் இந்த விஷயத்தில் கருத்து ஒன்றுதான்: ஆட்டக்காரனுக்குப் பேராசை, அவன் அடம்பிடிப்பதால் ஆட்டம் நிற்கிறது, பணம் போட்ட முதலாளி பாவம். இந்த நம்பிக்கை முழுக்கத் தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் நம்பினாலும் பசுமலைக்காரர்கள் நம்பக்கூடாது. அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், ஆட்டத்தை நிறுத்தியது யார் என்று பார்ப்போம். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் சம்பளத் தகராறால் நான்கு முறை வேலை நின்றிருக்கிறது: 1995, 1996, 1998-99, 2011. நான்குமே முதலாளிகள் செய்த கதவடைப்பு. சம்பளத்துக்காக வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ரத்தானதில்லை. ஆனால் நம்மூரில் யாரைக் கேட்டாலும் "ஸ்ட்ரைக் பண்ணாய்ங்க" என்பார்கள். கதவடைப்பு என்றால் என்னவென்று மில் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டமே வேலைநிறுத்தத்தையும் கதவடைப்பையும் தனித்தனியாக வரையறுத்திருந்தது. முன்னது தொழிலாளி செய்வது, பின்னது முதலாளி செய்வது. விளையாட்டு என்று வந்ததும் இந்த வித்தியாசம் நமக்கு எப்படி மறந்துபோகிறது?

2011 ஜூலை 1ஆம் தேதி ஒப்பந்தம் முடிந்ததும் முதலாளிகள் பூட்டுப் போட்டார்கள். அன்றிலிருந்து வீரர்கள் அணியின் பயிற்சிக்கூடத்துக்குள் நுழைய முடியவில்லை. பயிற்சியாளர் வீரருடன் பேசத் தடை. 161 நாள் கழித்துத்தான் பூட்டு திறந்தது; 82 ஆட்டங்கள் இருக்க வேண்டிய பருவத்தில் 66தான் மிஞ்சின. அதற்கு முந்தைய பெரிய கதவடைப்பு 204 நாள் நீடித்து, 50 ஆட்டங்களோடு பருவத்தை முடித்தது. அரங்க வாசலில் டிக்கெட் கிழிப்பவரும் பாப்கார்ன் விற்பவரும் அந்த மாதங்களில் கூலி இழந்தார்கள். அவர்களுக்காக வருந்துகிறவர்களின் வருத்தம் நியாயமானது. ஆனால் கணக்கைப் பூட்டுப் போட்டவரிடம் அல்லவா கேட்க வேண்டும்!

சங்கம் வைத்ததால்தான் வீரர்களுக்குத் திமிர் வந்தது என்று சொல்பவர்கள், சங்கத்துக்கு மதிப்பில்லாத காலத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பாப் கூஸி 1954இல் வீரர் சங்கத்தைத் தொடங்கினார். பத்தாண்டு ஆகியும் முதலாளிகள் அதை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. வீரர்கள் கேட்டவை என்ன? ஓய்வூதியம். காயத்துக்குக் கட்டுப்போட அணியுடன் பயணம் செய்யும் ஓர் ஆள். சனி இரவு ஆடியவர்களை மறுநாள் மதியமே இன்னொரு ஊரில் ஆடவைக்காமல் இருப்பது. இதில் எங்கே பேராசை? அன்றைய வீரர்கள் பலர் கோடை விடுமுறையில் வேறு வேலை பார்த்துத்தான் குடும்பத்தை ஓட்டினார்கள்.

1964 ஜனவரி 14. பாஸ்டனில் கடும் பனிப்பொழிவு. லீக்கின் ஆகச் சிறந்த இருபது வீரர்கள் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்காக வந்து சேர்ந்திருந்தார்கள். தொலைக்காட்சி நாடு முழுவதும் நேரலைக்குத் தயாராக இருந்தது. உடைமாற்றும் அறைக்குள் பில் ரஸல், வில்ட் சேம்பர்லேன், ஆஸ்கர் ராபர்ட்சன், ஜெரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர். சங்கத் தலைவர் டாம் ஹெய்ன்சோனும் அங்கேதான். ஓய்வூதியத்துக்கு வாக்குறுதி வராமல் களமிறங்குவதில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். லேக்கர்ஸ் அணியின் முதலாளி பாப் ஷார்ட், வாசலில் நின்ற காவலாளி மூலம் சொல்லியனுப்பினார்: பெய்லர் உடனே வெளியே வராவிட்டால் அவருக்கும் அணிக்கும் உறவு முடிந்தது. பெய்லர் உள்ளிருந்தே முதலாளியை வைதுவிட்டு உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. அதுவரை தயங்கிக்கொண்டிருந்த சிலரும் அந்த மிரட்டலைக் கேட்ட பிறகு உறுதியானார்கள். லீக் தலைவர் வால்டர் கென்னடி அறைக்கு வந்து வாக்குக் கொடுத்தார். வீரர்கள் வெளியே வந்தார்கள். ஆட்டம் சற்றுத் தாமதமாகத் தொடங்கியது. அந்தச் சில நிமிடங்களில் கிடைத்ததை முந்தைய பத்தாண்டு மனுக்கள் பெற்றுத்தரவில்லை.

ஒரு வீரன் ஓர் அணியில் கையெழுத்திட்டால் ஆயுளுக்கும் அந்த அணிக்கே கட்டுப்பட்டவன் என்ற விதியும் அன்று இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் வேறு அணிக்குப் போக வழியில்லை. பண்ணையில் பத்திரம் எழுதிக் கொடுத்த ஆள்போல. ஆஸ்கர் ராபர்ட்சன் 1970இல் தன் பெயரிலேயே வழக்குப் போட்டார்; 1976இல்தான் சமரசம் ஆனது. ஒப்பந்தம் முடிந்த வீரன் எந்தக் கட்டுப்பாடும் இன்றி அணி மாறும் உரிமை 1988 வரை காத்திருந்தது. இன்று கோடிகளில் சம்பளம் வாங்கும் இளைஞனை நாம் பொறாமையோடு பார்க்கிறோமே, அந்தக் கோடிகளை முதலாளியின் தாராள மனசு கொடுக்கவில்லை. விலங்கை உடைத்தவர்கள் வாங்கிக் கொடுத்தது அது.

சரி, இப்போது கோடிகளுக்கு வருவோம். "இவ்வளவு வாங்குபவன் இன்னும் கேட்கலாமா" என்பவர்கள் ஒரே ஒரு பக்கத்துக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். வீரனின் சம்பளம் பத்திரிகையில் வருகிறது. முதலாளியின் சொத்து மதிப்பு அந்தச் செய்தியில் வருவதில்லை. 1997இல் மினசோட்டா அணி 21 வயது கெவின் கார்னெட்டுக்கு ஆறாண்டுக்கு 12.6 கோடி டாலர் கொடுத்தது. அணியை அதன் முதலாளி கிளென் டெய்லர் வாங்கிய விலையே 9 கோடி டாலருக்குள்தான், இந்தப் பையனுக்கு இவ்வளவா என்று நாடே வாயைப் பிளந்தது. மறு ஆண்டின் கதவடைப்புக்கு இந்த ஒப்பந்தத்தையே பெரிய உதாரணமாகக் காட்டினார்கள். அதே டெய்லர் அதே அணியை விற்ற விலை 150 கோடி டாலர். அதைக் கேட்டு யாரும் வாயைப் பிளக்கவில்லை.

இந்தக் கதையில் மைக்கேல் ஜோர்டனைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 1998 கதவடைப்பின்போது நடந்த பேச்சுவார்த்தையில் வாஷிங்டன் அணி முதலாளி ஏப் போலின் நஷ்டக் கணக்குப் பாடினார். லாபம் பார்க்க முடியவில்லையென்றால் அணியை விற்றுவிடுங்கள் என்று ஜோர்டன் முகத்துக்கு நேரே சொன்னார். பதின்மூன்று ஆண்டு கழித்து 2011இல் அவரே சார்லட் அணியின் முதலாளி. வீரர் பங்கைக் குறைத்தே ஆக வேண்டும் என்று நின்ற கறார்க்காரர்களில் அவரும் ஒருவர். அணி நஷ்டத்தில் ஓடுகிறது என்ற பல்லவியை இப்போது அவர் பக்கமும் பாடியது. 27.5 கோடி டாலர் மதிப்பில் 2010இல் வாங்கிய அந்த அணியின் பெரும்பங்கை அவர் 2023இல் விற்றபோது அதன் மதிப்பு 300 கோடி டாலர். மனிதர் ஒருவரேதான், உட்கார்ந்த நாற்காலி மாறியது. நஷ்டம் என்ற சொல்லை அந்த நாற்காலியில் இருப்பவர் சொன்னால் நாம் எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இது போதும்.

2011இல் 30 அணிகளில் 22 நஷ்டத்தில் இருப்பதாக லீக் சொன்னது. அதைக் காட்டி வருமானத்தில் வீரர்களின் பங்கு 57 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 50ஆகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 25 கோடி டாலருக்கு மேல் கைமாறிய கணக்கு அது. மூன்றே ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணி 200 கோடி டாலருக்கு விலை போனது. 1981இல் அதை வாங்கிய விலை 1.25 கோடி. அணியை விற்று வரும் பணத்தில் வீரர்களுக்குச் சல்லிக்காசு பங்கில்லை. முதலாளி எடுக்கும் "ரிஸ்க்" பற்றிப் பேசுபவர்கள், முழங்கால் சவ்வு கிழிந்தால் 25 வயதில் வாழ்க்கை முடிந்துபோகும் வீரனின் ரிஸ்க்கையும் பேசட்டும்.

பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏவில் நிலைமை இதைவிட மோசமாக இருந்தது. 2025இல் அங்கே குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 66,079 டாலர். அதே ஆண்டில், புதிதாக லீக்குக்குள் வர மூன்று நகரங்கள் தலா 25 கோடி டாலர் நுழைவுக் கட்டணம் கொடுக்க முன்வந்தன. அந்த ஜூலையில் இண்டியானாபொலிஸ் ஆல்ஸ்டார் ஆட்டத்தில், தரவேண்டியதைத் தாருங்கள் என்று எழுதிய கறுப்புச் சட்டைகளோடு வீராங்கனைகள் களத்தில் நின்றார்கள்.

"அது அமெரிக்கா, நமக்கென்ன" என்று ஒதுங்கவும் முடியாது. நம் வீட்டில் நடப்பதைப் பாருங்கள். ஐபிஎல்லின் 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. ஆண்டுக்கு 9,600 கோடிக்கு மேல். 2025க்கு ஒவ்வோர் அணியும் வீரர்களை எடுக்கச் செலவிட அனுமதித்த தொகை 120 கோடி. பத்து அணிக்கும் சேர்த்து 1,200 கோடி. ஒளிபரப்புப் பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலும் எட்டில் ஒரு பங்கு. ஆட்டத்துக்கு 7.5 லட்சம் கட்டணத்தைச் சேர்த்தாலும் ஆறில் ஒன்றைத் தொடாது. என்பிஏ வீரர்கள் ஏறக்குறைய பாதி வாங்குகிறார்கள். வித்தியாசம் எதனால்? அங்கே சங்கம் மேசையில் எதிரே உட்காருகிறது. இங்கே 2019இல் உருவான இந்திய கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வுபெற்றவர்களுக்கானது.

மேசையில் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2025 டிசம்பர் ஐபிஎல் மினி ஏலத்தைச் சொல்லலாம். கேமரூன் கிரீனை கொல்கத்தா அணி 25.20 கோடிக்கு எடுத்தது. வெளிநாட்டு வீரருக்கு மினி ஏலத்தில் 18 கோடிதான் உச்சம் என்று ஒரு விதி, மீதி 7.20 கோடி கிரிக்கெட் வாரியத்தின் கைக்குப் போகிறது, வீரர் நலனுக்காம். யாருடைய உழைப்புக்கு விலை பேசினார்களோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதிய விதி அல்ல அது. அதே 2025 ஆகஸ்டில், ஐஎஸ்எல் கால்பந்து நடத்தும் உரிமை பற்றிய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இழுபறியானபோது, பெங்களூரு எஃப்சி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தியது. நம் சென்னையின் எஃப்சி முதன்மை அணியின் செயல்பாடுகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. வீரர்கள் எந்தத் தகராறும் செய்யவில்லை. ஆனாலும் கதவு சாத்தப்பட்டது.

இப்போது பசுமலைக்கு வருகிறேன். 1930களின் பிற்பகுதியில் இங்கே மகாலட்சுமி மில் தொழிலாளர் சங்கத்தை முத்துராமலிங்கத் தேவரும் ஜீவாவும் சேர்ந்து உருவாக்கினார்கள். பின்னாளில் வெவ்வேறு கட்சிகளில் நின்ற இரண்டு பெயர்கள் அன்று ஒரே சங்கத்தில் இருந்தன. தேவர் தலைமையில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. சங்கம் வைத்ததற்காக வேலையை விட்டுத் தூக்கப்பட்டவர்களை மறுபடி சேர்க்க வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை, சேர்க்க வைத்தார்கள். அந்தக் காலத்துத் தொழிலாளர் போராட்டங்களில் தேவர் ஏழு மாதம் சிறையிலும் இருந்தார். "மில்லுக்குப் பணம் போட்டது முதலாளி, கூலி கொடுப்பது அவர், உனக்கெதற்குச் சங்கம்" என்றுதான் அன்றும் கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வியைத் தாண்டி வந்த ஊர், அதே கேள்வியை இன்று விளையாட்டு வீரனிடம் திருப்பிக் கேட்கிறது. அவன் சம்பளம் பெரியது என்பதால் அவன் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது. தன் உடம்பை வைத்து உழைக்கிறான். அந்த உழைப்பில் இன்னொருவர் சொத்துச் சேர்க்கிறார். அவ்வளவுதான் விதி.

ஒய்எம்சிஏவும் மிஷன் பள்ளிகளும் வளர்த்த கூடைப்பந்தைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நன்றாகவே ஆடுகிறார்கள். அவர்களுக்குச் சோறு போடுவது இன்றும் ஐஓபி, ரயில்வே, ஐசிஎஃப் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைக்கும் வேலைதான். தொழில்முறை லீக்குகள் வந்தன. 2015இல் யுபிஏ தொடங்கி, சென்னை ஸ்லாம் அணியெல்லாம் ஆடி, இரண்டே ஆண்டில் முடங்கியது. 2025இல் ஐஎன்பிஎல் புரோ வந்தது, அதில் சென்னை ஹீட். இன்னும் வரும். நாளை மதுரைப் பையன் ஒருவன் அப்படி ஓர் அணியில் கையெழுத்திடப் போகும்போது அவனோடு ஒரு சங்கம் போக வேண்டும். லீக் பாதியில் நின்றால் முழுச் சம்பளம், அதற்கு முன்கூட்டியே வங்கியில் ஈடு. காயம்பட்டால் சிகிச்சை முடியும்வரை செலவு அணியுடையது. ஒளிபரப்பு வருமானத்தில் வீரர்களுக்கு இத்தனை சதவீதம் என்று எழுத்தில். முதல் சீசனுக்கு முன்பே இதைக் கேட்க வேண்டும். கேட்கிற பையனைப் பார்த்து "உனக்கென்னடா குறை" என்று டீக்கடையில் யாராவது சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மில்காரர் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.