முதலில் கிரேனின் காலை உயர்த்துங்கள்

சென்னைக்கு வடக்கே, அனுப்பம்பட்டு ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போனால் காட்டுப்பள்ளித் துறைமுகம். எல் அண்ட் டி கட்டியது. 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 330 ஏக்கரில் இருப்பதை 6,110 ஏக்கருக்கு விரித்து, ஆண்டுக்கு 32 கோடி டன் சரக்கைக் கையாள வேண்டும் என்பது திட்டம். கருத்துக்கேட்புக் கூட்டம் 2021-இலும் 2023-இலும் அறிவிக்கப்பட்டு, இரண்டு முறையும் தள்ளிப்போனது. மீனவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள்.

கப்பல்கள் பெருத்துவிட்டன என்பது துறைமுகக்காரர்கள் எங்கும் சொல்லும் காரணம். பொய்யில்லை. பழைய பனாமா கால்வாய்க்குள் நுழைந்த கப்பலின் அகலம் 32 மீட்டர். 2021-இல் சூயஸில் சிக்கிய எவர் கிவன் 59 மீட்டர். பழைய கிரேனின் கை கடைசி வரிசைச் சரக்குப் பெட்டியை எட்டாது. மேலடுக்கைத் தாண்டித் தூக்கவும் உயரம் பற்றாது.

அதற்காக எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டுமா? அமெரிக்காவின் ஓக்லாந்தில், வேலையில் இருந்த கிரேன்களின் கால்களை வெட்டி, மொத்த உடலையும் ஜாக்கியால் ஏற்றி, நடுவே புது இரும்பை வைத்துப் பற்றவைத்தார்கள். 27 அடி உயரம் கூடியது. புதுக் கிரேன் வாங்குவதைவிடச் செலவு குறைவு. எடை கூடுவதால் தண்டவாளமும் அதன் அடித்தூண்களும் தாங்குமா என்று மட்டும் பார்க்க வேண்டும். வர்தா, மிக்ஜாம் புயல்கள் வந்துபோன நம் கரையில் காற்றின் உந்துதலையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது.

ஆனால் கிரேனை எவ்வளவு உயர்த்தினாலும் கப்பல் மிதக்க ஆழம் வேண்டுமே. 2025 ஜூனில் எம்எஸ்சி ஐரினா என்ற பெரிய சரக்குக் கப்பல் வந்து நின்ற கேரளத்தின் விழிஞ்ஞத்தில் ஆழம் இயற்கையாகவே இருக்கிறது. இங்கே தோண்ட வேண்டும். இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அலைதடுப்புச் சுவரும் தோண்டிய வாய்க்காலும் அதைப் பிடித்துக்கொண்டால் வடக்குக் கரை மணலுக்குப் பட்டினி கிடந்து அரிக்கப்படும். சென்னைத் துறைமுகம் வந்தபின் ராயபுரம் கரைக்கு நேர்ந்தது இதுதான். காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பதோ பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவிலுள்ள மணல்திட்டு உடைந்தால் ஏரியின் உப்பும் நீரோட்டமும் மாறும். ‘பாடு’ என்ற வழக்கப்படி ஏரியில் முறைவைத்து மீன்பிடிக்கும் குடும்பங்களுக்கு வலை கட்ட இடமிருக்காது.

இப்போது பெரிய தாய்க்கப்பல்கள் கொழும்பில் சரக்கை இறக்க, சிறிய கப்பல்கள் அதை இங்கே கொண்டுவருகின்றன. காட்டுப்பள்ளி கொழும்போடு போட்டியிட்டே தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நடுத்தரக் கப்பல்களுக்கு, இருக்கும் தளத்தில் கிரேனைச் சீரமைத்தாலே எவ்வளவு சரக்கு கூடும்? அதற்குமேல் எவ்வளவு தோண்டுவார்கள், அந்த மணலை எங்கே கொட்டுவார்கள்? அடுத்த கருத்துக்கேட்பு பழவேற்காட்டிலேயே நடக்கட்டும். இந்த மூன்று கணக்கும் அதற்கு முன்பே தமிழில் மீனவர் கைக்கு வரட்டும்.