ஏரோதுக்கு எத்தனை நிமிடம்?

டிசம்பர் பிறந்தால் நெல்லைச் சேகரங்களில் கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை களைகட்டிவிடும். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் தலையில் துண்டைக் கட்டி மேய்ப்பர் ஆவார்கள். நாடகம் முடிந்து படுதா விழுந்ததும் யாராவது ஒரு பெரியவர் கேட்பார்: ‘இது வேதத்தில் உள்ளபடிதானா?’

எழுத்தை வைத்து அளந்தால் எந்த நாடகமும் தேறாது. சாஸ்திரிகள் மூவர் என்று மத்தேயு சொல்லவில்லை; அவர்கள் போனதும் தொழுவத்துக்கல்ல, ஒரு வீட்டுக்கு. கதவைச் சாத்தும் சத்திரக்காரர் லூக்காவில் இல்லவே இல்லை. ஆனால் அவர் வந்து கையை விரித்தால்தான் அந்த இரவின் திக்கற்ற நிலை பிள்ளைகளுக்கு உறைக்கிறது.

சேர்ப்பது குற்றமென்றால் முதலில் கூண்டில் ஏறவேண்டியவர் வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து, சிறுவனாகவே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சைக்குப் போனவர். 1800-இல் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலநாதருக்குப் பாடிய அதே வடிவம். உலா வரும் தலைவன் கிறிஸ்து. உருகும் தலைவி திருச்சபை. குறி சொல்ல வருபவள் விசுவாசம். குறி கேட்பதையே மோசேயின் சட்டம் தடுக்கிறது. சாஸ்திரியாரோ குறத்தியின் வாயாலேயே விசுவாசத்தைப் பேசவைத்தார். பறவைக்கு வலைவிரிக்கும் குறத்தியின் கணவன் சிங்கன் அவர் கையில் ஆத்துமாக்களுக்கு வலைவிரிக்கிறான். மீன்பிடிக்கிறவர்களை மனுஷரைப் பிடிக்க அழைத்த சுவிசேஷத்துக்கு அது தூரமில்லை.

இதற்கு நேர்மாறு, ஜெர்மனியின் ஓபரமெர்காவ் கிராமம். 1634 முதல் அங்கே கிறிஸ்துவின் பாடுகள் மேடையேறுகின்றன. கூட்டத்தார் இரத்தப்பழியைத் தங்கள்மேலும் பிள்ளைகள்மேலும் ஏற்கும் மத்தேயு வசனம் தலைமுறை தலைமுறையாக மேடையில் ஒலித்தது. வேதத்தில் உள்ளதுதான், ஆனால் யூத வெறுப்புக்கு அது தீனியானது. 1934-இல் ஹிட்லரே வந்து பார்த்தார். 2000-ஆம் ஆண்டு அந்த வசனத்தை நீக்கினார்கள். எழுத்து பிசகாமலே பொருள் பிசகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகவே நம்மூர் மேடையிடம் கேட்கவேண்டியது, யாருக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாய், எதை விட்டாய் என்பதே. மேய்ப்பன் ‘ஏலே, அங்க என்னலே வெளிச்சம்?’ என்றால் சிலருக்கு முகம் சுளிக்கிறது. தூக்கம் முழித்துக் கிடை காக்கிறவன் செந்தமிழ் பேசினால்தான் பொய். ஏரோது பழைய ராஜபார்ட்டின் வாரிசு: ஜிகினா உடை, அட்டைக் கத்தி, அடுக்குமொழி. பல ஊர்களில் நாடகமே அவன் நாடகமாகிவிடுகிறது. பலவான்களை ஆசனத்திலிருந்து தள்ளுகிற தேவனைப் பற்றி மரியாள் பாடியது விடுபடுகிறது. எகிப்துக்கு அகதியாக ஓடியது ஒரு வரியில் கடக்கிறது. பாலகரைக் கொல்லச் சொன்ன கட்டளை, கைதட்டு வாங்கும் வசனமாகிறது.

இந்த வருஷம் ஏரோதின் வசனத்தில் பத்து நிமிடம் வெட்டலாம். அதைப் பிள்ளையைப் பறிகொடுத்த பெத்லகேம் தாய் ஒருத்திக்குக் கொடுக்கலாம். அவள் நம்மூர்த் தமிழில் ஒப்பாரி வைக்கட்டும். ‘வேதத்தில் உள்ளபடிதானா?’ என்று பெரியவர் கேட்டால், ராகேலின் அழுகையை மத்தேயு எழுதியிருக்கும் இடத்தை எடுத்துக் காட்டலாம்.