பட்டாளத்து லொறி யாருக்குச் சொந்தம்?

ஒரு நாட்டில் போர் முடிந்துவிட்டது என்பதற்குச் சான்று எது? வெற்றித்தூண் சான்றாகாது, அணிவகுப்பும் சான்றாகாது. படை கழித்துவிட்ட லொறியைச் சாதாரணக் குடிமகன் ஒருவன் ஏலத்தில் எடுத்து, வீட்டு முற்றத்தில் நிறுத்தி, ஓய்வு நாட்களில் அதன் அடியிற் படுத்து, எண்ணெய்க் கறையோடு எழும்புகிறானே, அதுவே சான்று. அவனுக்கு அது விளையாட்டு. அயலானுக்கு வேடிக்கை. அரசுக்கோ அது பழைய இரும்பு. எவர் நெஞ்சிலும் அச்சமில்லை. இந்த நிலை வன்னியில் உண்டா? கிளிநொச்சியில் உண்டா? முல்லைத்தீவில் உண்டா?

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபோது நேச நாடுகளின் கையில் வண்டிகள் மலைபோல் மிஞ்சின. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செய்த இரண்டரைத் தொன் லொறிகள் மட்டுமே 5 இலட்சத்துக்கு மேற்பட்டவை. அவையெல்லாம் எங்கே போயின? குடிமக்களிடம் போயின. பிலிப்பைன்ஸ் மக்கள் அமெரிக்கர் விட்டுச்சென்ற ஜீப்புகளை எடுத்து, உடலை நீட்டி, கூரை போட்டு, நீளவாட்டில் இருக்கை வைத்து, பூவும் புனிதர் படமும் தீட்டினர். போரில் டிராம் பாதைகளை இழந்த மணிலா நகரைப் பல்லாண்டு காலம் சுமந்தவை அந்த ஜீப்னிகளே. இங்கிலாந்தில் பழைய படை வண்டிகளைத் தேடி வாங்கி, மரையாணி மரையாணியாகக் கழற்றிப் பூட்டி, திடலில் நிறுத்திக் காட்டி மகிழ்வதற்கென்றே சங்கங்கள் இருக்கின்றன. அமெரிக்க அரசு 2014 டிசம்பரில் தன் ஹம்வீ வண்டிகளையே பொது ஏலத்துக்கு விட்டது. பொதுவீதியில் ஓட்டலாகாது என்று நிபந்தனை விதித்தது, உண்மை. ஆனால் நிபந்தனை வேறு, தடை வேறு. சட்டம் படித்தோர் இவ்வேறுபாட்டை அறிவர்.

தென்னிலங்கையிலும் பழைய வில்லிஸ் ஜீப்பைப் பளபளப்பாக்கி ஓட்டுவோர் உளர். நல்லது, நாம் பொறாமைப்படவில்லை. நாம் கேட்பது ஒன்றே: அந்த இன்பம் மாங்குளத்து இளைஞனுக்கு மட்டும் ஏன் ஐயத்துக்குரிய செயலாகிறது?

கைத்திறன் இல்லை என்பார் உண்டோ? வன்னியையும் யாழ்ப்பாணத்தையும் அறியாதார் அப்படிச் சொல்லலாம். 1990களில் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, மின்கலம் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. என்ன செய்தார்கள் நம்மவர்கள்? ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய வண்டிகளைக் கொட்டிலிலிருந்து இழுத்து வந்தார்கள். அவற்றின் இயந்திரம் அமுக்கம் குறைந்தது. ஆதலால் மட்டமான எண்ணெயையும் சகிக்கும். சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலிற் சில துளிகளை விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். வெண்புகை கக்கியபடி வண்டி ஓடிற்று. நோயாளியையும் நெல்லையும் ஏற்றிக்கொண்டு ஓடிற்று. பொறிமுனை கரிபிடிக்கும், மசகெண்ணெய் நீர்க்கும், டீசல் இயந்திரமாயின் பம்பு தேயும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று கண்டார்கள். பெர்குசன் நிறுவனம் 1940களின் இறுதியில் இதே முறையில், பெற்றோலில் தொடங்கி மலிவெண்ணெயில் ஓடும் உழவு இயந்திரத்தைச் செய்து விற்றது. அங்கே அது பொறியியல் எனப்பட்டது. இங்கே அதைச் செய்தவனுக்குப் பெயருமில்லை, பட்டமுமில்லை.

2022இல் நாடு முழுவதும் எண்ணெய்க்காக வரிசையில் நின்றபோது, வன்னி மக்கள் அதைப் பழைய பாடமாகவே பார்த்தனர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாடு முழுவதும் பழைய வண்டியைப் பழுதுபார்த்தே பிழைத்தது. ஒட்டுவேலைக்காரனின் அருமை அப்போது கொழும்புக்கும் விளங்கியது!

இனி, யாருடைய லொறி என்ற கேள்விக்கு வருவோம். 2008இன் பிற்பகுதியிலிருந்து வன்னி மக்கள் கிளிநொச்சியை விட்டுப் பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே நகர்ந்தனர். கூரைத் தகடும் நெல்மூட்டையும் கிழவியும் குழந்தையும் ஏறியிருந்தது எதன்மீது? தம் சொந்த லொறிமீது, உழவு இயந்திரத்தின்மீது, லேண்ட்மாஸ்டர்மீது. 2009 மே மாதத்தில் அவற்றையெல்லாம் முள்ளிவாய்க்கால் மணலிலே விட்டுவிட்டு வெறுங்கையோடு வட்டுவாகலைக் கடந்தனர். அதன்பின் துருவேறிய ஈருருளிகளும் மோட்டார் சைக்கிள்களும் லொறிகளும் குவியல் குவியலாகக் கிடந்த காட்சியை உலகமே படத்திற் கண்டது. உரிமையாளரோ அப்போது செட்டிகுளத்து முட்கம்பிக்குள் இருந்தார். அந்தக் குவியலின் கணக்கு எங்கே? எத்தனை திருப்பிக் கொடுக்கப்பட்டன? எத்தனை இரும்பாக உருகின? விற்ற பணம் எவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டது? கேட்கிறோம், பதில் வேண்டும்.

சட்டம் என்ன சொல்லிற்று தெரியுமா? போரினால் நீதிமன்றம் செல்ல இயலாதிருந்தோருக்குக் காலாவதியிலிருந்து விலக்களிக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டம் பிறந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அது கணக்கிலிருந்து கழிக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது அசையாச் சொத்துக்கு மட்டுமே! காணிக்காரனுக்கு வழி உண்டு. லொறிக்காரனுக்கு வழி இல்லை. 2017இல் பிலவுக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாம் வாசலில் ஒரு மாதமளவு காத்திருந்து தம் நிலத்தை மீட்டனர். நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது, ஆதலால் காத்திருக்க முடிந்தது. உருகிய லொறிக்காக எந்த வாசலில் உட்காருவது?

மாற்றியமைத்த வண்டி ஒன்று வன்னியின் வாயிலில் காட்சிக்கு இருக்கிறது. ஆனையிறவிலே, ஏ9 வீதியோரத்திலே, 1991 யூலைச் சண்டையில் வந்த கவசமிட்ட புல்டோசர். அதை அழித்த படைவீரரின் நினைவுக்காக அதை நிறுத்தியிருக்கின்றனர். அவரவர் வீரரை அவரவர் நினைப்பர். அதன்மேல் நமக்கு வழக்கில்லை. பேருந்து பேருந்தாகத் தென்னிலங்கையர் வந்து பார்க்கின்றனர். ஆக, போர் வண்டி நினைவுச்சின்னமாகலாம், சுற்றுலாப் பொருளாகலாம். வன்னிக் குடிமகனின் கைப்பொருளாக மட்டும் ஆகலாகாதோ? அவன் முற்றத்தில் பச்சை வர்ண லொறி ஒன்று நின்றால், விசாரிக்க வருகிறவர் மோட்டார்ப் போக்குவரத்து அதிகாரியாக இருக்கமாட்டார் என்பது ஊரறிந்த இரகசியம்.

நம்மவரிலேயே சிலர் முகஞ்சுளிப்பர். “படையின் லொறியை நாம் தொடுவதா?” என்பர். தொடலாம் ஐயா! வரிப்பணத்தில் வாங்கிய லொறி அது; வன்னி விவசாயியும் அவ்வரியைச் செலுத்தியவனே. சுடுகலன் இல்லாத லொறி வெறும் லொறி. அதன் மேற்பெட்டியைக் கழற்றித் தண்ணீர்த் தாங்கி பூட்டினால் கோடையிற் குடிநீர் சுமக்கும். பாரந்தூக்கி பூட்டினால் மழைக்காலத்துச் சேற்றில் புதைந்த உழவு இயந்திரத்தை இழுத்தெடுக்கும். ஒன்றும் பூட்டாமல் வெறுமனே அழகு பார்த்தாலும் அவன் உரிமை. ஏழைக்குத் தொழில், செல்வனுக்குப் பொழுதுபோக்கு என்று எவர் பிரித்தார்? உழைத்துக் களைத்த மெக்கானிக்குக்கும் விளையாட ஒரு வண்டி வேண்டும்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டம் வண்டி பதியப்படவேண்டும் என்கிறது. பதிகிறோம். ஆனால் பதிவேடு எரிந்து, புத்தகம் தொலைந்து, உரிமையாளர் காணாமற் போன வண்டிக்கு வழி சொல்லுங்கள். 2022இல் எண்ணெய் அட்டைக்கே பதிவிலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் கேட்டார்கள். ஏடு தொலைத்தவன் பாடு எண்ணிப்பாருங்கள். சத்தியக் கடதாசியை ஏற்று, வண்டியை நேரிற் பரிசோதித்து, அந்தந்த மாவட்டச் செயலகத்திலேயே பதிவு வழங்கவேண்டும். படையின் கழிவு வண்டிகளை ஏலம் விடும்போது கிளிநொச்சியிலும் விடவேண்டும். அறிவித்தல் தமிழிலும் வரவேண்டும். தமிழும் அரசகரும மொழியென்று அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இலேயே சொல்லிவிட்டதே! 1958இல் இலக்கத் தகட்டின் ஓரெழுத்துக்காகச் சிறை சென்ற மக்களுக்கு வண்டித் தகட்டின் அரசியலைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இழப்பீட்டு அலுவலகம் அந்த மணலில் விட்ட வண்டிகளுக்கெனத் தனிப் பதிவேடு திறக்கவேண்டும்.

அதுவரை நம் மக்களுக்கு ஒரு சொல். பழைய பதிவுப் புத்தகம், வரிச்சீட்டு, காப்புறுதித் துண்டு, வண்டியருகே நின்று எடுத்த குடும்பப் படம், எதுவாயினும் எறியாதீர்கள். பிரதியெடுத்துச் சமாதான நீதவான் ஒருவரிடம் உறுதிப்படுத்தி வையுங்கள். அடிச்சட்ட இலக்கம் நினைவிலிருப்போர் இன்றிரவே அதை எழுதிவையுங்கள்.