நெடுமலையேற்றமும் நீடித்த பயிற்சியும்

விழா மலர்களிலே விளையாட்டுத்துறை பற்றி எழுதப் புகுவோர், துடுப்பாட்டத்திலும் உதைபந்தாட்டத்திலும் கல்லூரி ஈட்டிய வெற்றிகளை நினைவுகூர்தல் மரபு. அம்மரபை நாம் குறைகூறோம். ஆயினும் இம்முறை, நம் மைதானத்தில் ஒருபோதும் நடைபெற்றிராத ஒரு போட்டியைப் பற்றிச் சில கூற விரும்புகின்றோம். அது மலைச் சைக்கிளோட்டம். அதனுள்ளும், நெடிய ஏற்றங்களுக்கு வீரர் தம்மை ஆயத்தஞ் செய்யும் முறை. மலையென்பதே கண்ணிற்படாத சமதரையில் வாழும் மாணாக்கருக்கு இதனாற் பயன் யாதென வினவுவாருமுளர். அவ்வினாவுக்கு விடை கூறுதலும், அதன் வழியாக நம் கல்லூரிகளின் பயிற்சி முறை பற்றி நெடுநாளாக நம் மனத்திற் கிடந்த ஒரு கருத்தை வெளியிடுதலுமே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைச் சைக்கிளோட்டம் பழமையான விளையாட்டன்று. 1970 ஆம் ஆண்டுகளிலே, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்து மறின் பகுதியில் இளைஞர் சிலர், பருத்த ரயர் பூட்டிய பழைய சைக்கிள்களை மலைமேற் கொண்டுசென்று, மண்பாதை வழியே கீழ்நோக்கி விரைந்தோட்டி மகிழ்ந்தனர். 1976 இல் தொடங்கிய அவர்தம் பந்தயத்துக்கு 'றீபாக்' என்று பெயர். பின்சில்லின் பிறேக் வெப்பமேறி, உள்ளிருந்த கிறீஸ் புகையாய்ப் போக, மீளவும் கிறீஸ் இட்டு நிரப்பவேண்டியிருந்தமையின் அப்பெயர் உண்டாயிற்று. இங்ஙனம் இறக்கத்திலே பிறந்த விளையாட்டு, கியர் பொருத்தப்பட்ட பின்னரே ஏற்றத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. 1990 இல் கொலறாடோ மாநிலத்துத் துராங்கோவில் முதலாவது உலக வாகைப் போட்டி நடைபெற்றது; 1996 இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது. இறக்கத்தில் வீரனுக்கும் வீரனுக்கும் இடையே சில விநாடிகளே வேறுபடும். நெடிய ஏற்றத்திலோ நிமிடங்கள் வேறுபடும். ஆதலின் வெற்றி தோல்விகள் பெரும்பாலும் ஏறும்போதே முடிவாகிவிடுகின்றன.

நெடிய ஏற்றம் என்பது எத்தன்மையது என்பதற்கு ஓர் உதாரணங் காட்டுவோம். கொலறாடோ மாநிலத்தில் லெட்வில் என்றொரு சுரங்க நகர் உண்டு. 1982 இல் அதனையடுத்த கிளைமாக்ஸ் மொலிப்தனச் சுரங்கம் மூடப்பட, மக்கள் பலர் வேலையிழந்தனர். நகருக்கு மீண்டும் உயிரூட்டும் எண்ணத்துடன் 1983 இல் 100 மைல் ஓட்டப்போட்டியொன்று ஆரம்பிக்கப்பட்டது. 1994 இல் ஏறத்தாழ அதேயளவு தூரமுள்ள மலைச் சைக்கிட் போட்டியும் அதனோடு சேர்ந்தது. போட்டி தொடங்குமிடமே கடல்மட்டத்திலிருந்து 10,000 அடிக்கு மேலுள்ளது. நம் நாட்டின் மிகவுயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலையின் உயரம் 8,281 அடி என்பதை நினைந்தால், அந்நகர மக்கள் எத்துணை உயரத்தில் வாழ்கின்றனர் என்பது விளங்கும். பாதி வழியில் கொலம்பைன் என்னும் பழைய சுரங்கத்தை நோக்கி வீரர் ஏறத்தாழ 3,000 அடி ஏறி, 12,000 அடிக்கும் மேற்சென்று திரும்புகின்றனர். 10,000 அடி உயரத்தில் காற்றின் அமுக்கம் கடல்மட்டத்திலுள்ளதன் 100 இல் 70 பங்களவே. மேலே செல்லச்செல்ல அதுவுங் குறையும். 12 மணி நேரத்துள் முடிப்பவருக்கு இடைவாரில் அணியும் பூட்டொன்று பரிசாகக் கிடைக்கும். அதன் பொருட்டு ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் உழைக்கின்றனர்.

ஏறுதலின் கணக்கு மிக எளிது. பௌதிகம் பயிலும் மாணவர் தாமே செய்து பார்க்கலாம். 68 கிலோகிராம் எடையுள்ள ஒருவன், 12 கிலோகிராம் எடையுள்ள சைக்கிளில், ஒரு மணி நேரத்தில் 900 மீற்றர் உயரம் ஏறுகின்றான் எனக் கொள்வோம். 80 கிலோகிராமை 900 மீற்றர் உயர்த்தும் வேலையை 3,600 விநாடிகளாற் பிரிக்க, ஏறத்தாழ 196 வாற்று வரும். இது புவியீர்ப்புக்குக் கொடுக்கும் விலை மாத்திரமே. மண்ணும் கல்லும் ரயரைப் பற்றியிழுக்கும் தடைக்கு வேறாகக் கொடுத்தல் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு இதனினும் மிகுந்த வலுவை இளைஞர் பலர் காட்டுவர். ஒரு மணி நேரம் இடையறாது காட்டுவதே அரிது.

அந்நீடித்த வலு எங்கிருந்து வருகின்றது? தசையின் பருமனிலிருந்து வருவதெனப் பலர் எண்ணுகின்றனர். தசை வேண்டுவதே, ஆனால் அத்தசைக்கு ஒட்சிசனைக் கொண்டுசேர்க்கும் இருதயமும், நுண்ணிய குருதிக் குழாய்களும், கலத்தினுள்ளே எரிபொருளைச் சத்தியாக மாற்றும் இழைமணிகளும் வளர்ச்சியடைதல் வேண்டும். இவை ஒரு நாளில் வளர்வனவல்ல. மாதக்கணக்கான இலகுவான உழைப்பினாலே வளர்வன. நோர்வேயிற் பணியாற்றும் ஸ்ரீபன் சைலர் என்னும் அறிஞர், நீடாற்றல் விளையாட்டுகளில் உயர்நிலை எய்தியோரின் பயிற்சியை ஆராய்ந்து, அவர்தம் பயிற்சிகளுள் 100 இல் ஏறத்தாழ 80 இலகுவானவை எனக் கண்டார். இலகு என்பதற்கு அளவு யாதெனின், பக்கத்தில் வருபவனோடு மூச்சுத் திணறாது முழு வாக்கியத்திற் பேசக்கூடிய வேகம். உலகத்தில் மிக வேகமாகச் செல்லவல்லார், தம் பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதியை மெதுவாகச் செல்வதிற் கழிக்கின்றனர் என்னும் இவ்வுண்மையை நம் விளையாட்டாசிரியர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

எஞ்சிய பகுதி கடினமானது. வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி செய்வோன் ஒரு நாளை இதற்கென ஒதுக்கினாற் போதும். எட்டு நிமிடம் ஊக்கத்துடன் ஏறி, நான்கு நிமிடம் இளைப்பாறி, அதனை மும்முறை செய்தல் தொடக்கத்துக்கு ஏற்றது. சில வாரங்கள் சென்றபின் பத்து நிமிடமாகவும், அதன்பின் இருபது நிமிடம் இருமுறையாகவும் உயர்த்தலாம். கடைசி முறையும் முதல்முறையின் வேகத்தையே கொண்டிருத்தல் வேண்டும். முதல்முறையில் எல்லாவற்றையுஞ் செலவிட்டுவிட்டுக் கடைசியில் தள்ளாடுவோன் வேகத்தைப் பங்கிடக் கற்கவில்லை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை பயிற்சியைக் குறைத்து உடலைத் தேறவிடுதலும், இரவில் நிறைந்த நித்திரை கொள்ளுதலும் பயிற்சியின் கூறுகளே. ஏனெனில் உடல் வலுப்பெறுவது ஓய்வின்போது.

மலைச் சைக்கிளுக்கென ஒரு தனித்திறமையும் உண்டு. தார் வீதியில் எழுந்துநின்று பெடலை மிதிக்கலாம். பொருக்குக் கல்லில் அங்ஙனஞ் செய்தாற் பின்சில்லு வழுக்கிச் சுழலும். பின்னே சாய்ந்திருந்தால் முன்சில்லு நிலத்தை விட்டெழும். ஆகவே வீரன் சீற்றின் முன்னுனியில் அமர்ந்து, முழங்கையை மடித்து, உடலைத் தாழ்த்தி, இரு சில்லும் நிலத்தைப் பற்றுமாறு எடையைப் பங்கிட்டு, வட்டம் போன்ற சீரான மிதியை மிதித்தல் வேண்டும். முன்னே 32 பற்களும் பின்னே 52 பற்களும் கொண்ட இக்காலக் கியரில், பெடலை ஒருமுறை சுற்றினாற் பின்சில்லு முக்காற் சுற்றுக்கூடச் சுற்றாது. நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீற்றரே செல்லலாம். விரைந்து நடப்பவன் வேகம் அது. அவ்வேகத்திற் செல்லுதற்கு நாணுவோன் மலையுச்சியைக் காணான்.

இனி, மலையில்லாதான் என் செய்வான் என்னும் வினாவுக்கு வருவோம். மலை உடலுக்குக் கொடுப்பது இடைவிடாத எதிர்ப்பு. அதனைக் காற்றுங் கொடுக்கும். கடலை ஊடறுத்துத் தீவுகளுக்குச் செல்லும் தாம்போதியிலே, சோளகக் காற்று வீசுங் காலத்தில், காற்றை எதிர்த்து இருபது நிமிடம் சைக்கிள் மிதித்தவர் நம் பழைய மாணவருட் பலர். அங்கே பெடலை நிறுத்தினால் வண்டியும் நின்றுவிடும், இளைப்பாற இறக்கமில்லை. மலையின் தன்மையும் அதுவேயன்றோ? மணற்றெருவிற் பழகினாற் சில்லு வழுக்காது மிதிக்குந் திறமையும் ஓரளவு கைவரும். உயரத்தின் மெலிந்த காற்று ஒன்றையே நாம் இங்கு பெறமுடியாது. ஏனையவற்றுக்கு வேண்டுவது மனமும் காலமுமே.

காலம் என்னும் இவ்விடத்திலேதான் நம் குறை உள்ளது. நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மூன்று வாரத்தின் முன்னரே மைதானம் விழித்துக்கொள்கின்றது. அதுவரை வாளாவிருந்த மாணவனை, அம்மூன்று வாரத்தில், நாள்தோறும் இயன்றமட்டும் ஓடச்செய்கின்றோம். நாமும் மாணவப் பருவத்தில் அங்ஙனம் ஓடியவர்களே. ஓட்டத்தின் முடிவில் வாந்தியெடுத்தவனை ஊக்கமுள்ளவன் என்று பாராட்டினர்; மெதுவாக ஓடியவனைச் சோம்பன் என்று இகழ்ந்தனர். எங்களுள் மிகத் திறமை வாய்ந்த ஒருவன், கீழ்க்காலில் ஏற்பட்ட நோவை மறைத்து ஓடி, போட்டி நாளன்று நிற்கவும் முடியாது மரத்தடியில் இருந்தமை இன்றும் நம் கண்முன் நிற்கின்றது. அவன் அதன்பின் ஓடவேயில்லை. அப்பிழைக்கு எவரையுந் தனியே குற்றஞ் சாட்டுதல் முறையன்று. அக்காலத்து நம்பிக்கை அது. இன்று உண்மை தெரிந்தபின்னரும் அந்நம்பிக்கையைத் தொடர்வோமாயின் அது பிழையென்பதோடு நில்லாது குற்றமுமாகும்.

அவசரம் பிறப்பிக்கும் தீமைகள் வேறுமுள. அவற்றுள் ஒன்று பட்டினி. மேலே காட்டிய கணக்கின்படி, எடையில் ஒரு கிலோகிராம் குறைந்தால் ஒரு மணி நேர ஏற்றத்தில் ஏறத்தாழ 45 விநாடி மிஞ்சும். இதனைக் கேட்ட இளைஞர் சிலர் உணவைக் குறைக்கின்றனர். தேவைக்குக் குறைவாக உண்டு கடுமையாக உழைக்கும் வீரருக்கு எலும்பு மெலிவும், நோயெதிர்ப்புக் குறைவும், பெண்களாயின் மாதவிடாய்த் தடையும் நேர்தலைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 இல் வெளியிட்ட அறிக்கை விரித்துரைத்தது; ஆண்களும் இதற்கு விலக்கல்லர் என்றும் அது கூறியது. 45 விநாடிக்காக ஓராண்டை இழப்பது எவ்வகை வணிகம்? நெடிய ஏற்றத்தில் மணிக்கு 60 கிராம் அளவு மாச்சத்து உண்ணவேண்டுமென அறிஞர் கூறுகின்றனர். இரண்டு மூன்று வாழைப்பழத்தில் அஃது அடங்கும். வளரும் பிள்ளையிடம் உணவைக் குறையென்று கூறும் உரிமை எப்பயிற்றுநர்க்கும் இல்லை என்பது நம் உறுதியான கருத்து.

மற்றொரு தீமை மருந்து. குருதியிற் செங்கலங்களைப் பெருக்கும் ஈபீஓ என்னும் மருந்து, மாதங்கள் பல கொண்டு வளரவேண்டியதை வாரங்களில் தருவதாய் ஆசைகாட்டிற்று. 1996 இல் ஆஸ்திரேலியாவின் கெயின்ஸ் நகரில் நடைபெற்ற உலக வாகைப் போட்டியில் பிரான்சு நாட்டு ஜெரோம் சியொட்டி முதலிடம் பெற்றார். சுவிற்சர்லாந்து நாட்டுத் தோமஸ் பிரிஷ்க்னெக்ட் இரண்டாமவரானார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2000 இல், தாம் அம்மருந்தைப் பயன்படுத்தியதாகச் சியொட்டி தாமே ஒப்புக்கொண்டார். வாகைப் பட்டம் பிரிஷ்க்னெக்டுக்கு மாற்றப்பட்டது; வெற்றிச் சட்டையையும் பதக்கத்தையும் சியொட்டி அவரிடம் ஒப்படைத்தார். அவர் பிழைத்ததை நாம் மறைக்கவில்லை. எனினும், நான்கு ஆண்டுகள் நெஞ்சை அழுத்திய பாரத்தை இறக்கிவைக்க அவர் கொண்ட துணிவு, அவர் ஏறிய எம்மலையினும் பெரிது என்று கருதுகின்றோம்.

இவற்றுக்கு மாறாக நெட் ஓவரென்ட் என்பவரை நோக்குவோம். 1990 இல் துராங்கோவில் முதலாவது உலக வாகையராய் வந்தபோது அவருக்கு வயது 35. கால்நூற்றாண்டு சென்று, 2015 இல், பருத்த ரயர்ச் சைக்கிளுக்கான அமெரிக்கத் தேசியப் போட்டியில் தம் 59 ஆவது வயதில் முதலிடம் பெற்றார். பொறுமையுடன் கட்டப்பட்ட உடல் எத்துணைக் காலம் பயன்றரும் என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

நாம் வேண்டுவது பெரிதன்று. விளையாட்டுப் பயிற்சியை மூன்று வாரத்துக்குரியதாகக் கொள்ளாது மூன்று தவணைக்கும் உரியதாக வகுத்தல் வேண்டும். ஒவ்வொரு மாணவனும் தான் செய்த பயிற்சியையும், காலையெழுந்ததும் தன் நாடித்துடிப்பையும் ஒரு கொப்பியிற் குறித்துவரப் பழகுதல் வேண்டும். போட்டியில் முதலாவதாய் வந்தவனுக்குக் கேடயம் வழங்கும் பழைய மாணவர் சங்கத்தினர், ஆண்டு முழுவதும் பயிற்சி தவறாத மாணவனுக்கும் ஒரு பரிசை ஏற்படுத்துதல் நன்று. நோவென்று சொல்லும் பிள்ளையை நம்பி இருத்திவைக்கும் ஆசிரியரை, வெற்றி தேடித்தந்த ஆசிரியருக்கு நிகராக மதித்தல் வேண்டும்.

பரீட்சைக்கு முன்னிரவு விழித்திருந்து படிப்பவனின் நிலையை நாம் நன்கறிவோம். நம்மிற் பலர் அங்ஙனம் விழித்திருந்தவர்களே. மலையும் ஒரு பரீட்சை. அங்கே வினாத்தாளை ஊகிக்க முடியாது. பக்கத்திலிருப்பவனைப் பார்த்து எழுதவும் முடியாது. முன்னே கழிந்த நாட்களை மலை ஒவ்வொன்றாய்க் கேட்கும். அதற்கு விடை கூறத்தக்க நாட்களை நம் மாணாக்கருக்கு அமைத்துக் கொடுத்தல் இக்கல்லூரியின் பிள்ளைகளாகிய நம் அனைவரின் கடனாகும்.