வகுத்தலுக்கு முன்னே பங்கீடு

2024ஆம் ஆண்டின் அசர் அறிக்கைப்படி, ஊரக இந்தியாவின் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுள் 30.7 விழுக்காட்டினரே மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க வல்லவர்கள். எஞ்சியோர்க்குக் 'கணக்கு வராது' என முத்திரை குத்துதல் எளிது. ஆயின் பன்னிரண்டு கொய்யாக்காய்களை மூவருக்குப் பங்கிடத் தெரியாத குழந்தை அவர்களுள் எத்தனை பேர்?

இடறல் மொழியிலும் இருக்கிறது. 12 ÷ 3 என்பதற்கு இரு பொருள் உண்டு: மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை என்பது ஒன்று, மும்மூன்றாகக் கட்டினால் எத்தனை கட்டு என்பது மற்றொன்று. விடை இரண்டிற்கும் நான்கே. கைகள் செய்யும் வேலையோ வேறு. முதலாவதைக் கொய்யாக்காயால் விளக்கும் வகுப்பறை, நீள்வகுத்தலில் 'ஏழில் எத்தனை மூன்று?' என்று இரண்டாவதற்குச் சொல்லாமலே தாவிவிடுகிறது.

இரண்டாவதற்குரிய கருவி இந்திய மொழிகளின் கையிலேயே உள்ளது. தமிழில் 'இவ்விரண்டு', 'மும்மூன்று'. இந்தியில் 'தோ-தோ', 'தீன்-தீன்'. எண்ணுப்பெயரை இரட்டித்தாலே சமக்கூறு விளங்கும். பள்ளிக்கு வருமுன்பே குழந்தை கேட்டுப் பழகியது இது. இந்தி வகுப்பறையிலோ அதனை எதிர்கொள்பவை 'பாஜ்ய', 'பாக்ஃபல்' போன்ற வடசொற்கள். ('பாக்' என்பதற்கு இந்தியில் 'ஓடு' என்றும் பொருள், குழந்தைகள் அப்பொருளையே விரும்பினால் வியப்பில்லை.)

கலைச்சொற்கள் வேண்டா என்பதன்று. முதற்சில வாரங்களுக்குக் கூழாங்கற்களும் 'தீன்-தீன்' என்னும் பேச்சும் போதும். கட்டில் சேராத கல்லொன்றைக் கையில் வைத்து விழிக்கும் குழந்தைக்கு, 'மீதி' என்ற சொல்லை அப்போது தரலாம்.