சிறப்புப் பள்ளியில் சேர்ப்பது தோல்வியன்று

மரக்காணம் உப்பளப் பகுதியிலிருந்து எங்களிடம் வரும் பெற்றோர் பலர், பேச்சு வராத குழந்தையை மடியில் அமர்த்திக்கொண்டு கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதற்கு மருந்து இருக்கிறதா?" சிறப்புப் பள்ளி என்று நாங்கள் சொன்னதும் அவர்கள் முகம் வாடிவிடுகிறது. மருத்துவர் கைவிட்டுவிட்டார் என்றே அதைப் புரிந்துகொள்கிறார்கள். அந்தத் தவறான புரிதலுக்கு மருத்துவர்களாகிய நாங்களே பெரிதும் பொறுப்பு. "வளர வளரச் சரியாகிவிடும்" என்று ஆண்டுகளைக் கடத்துகிறோம். பிறகு சான்றிதழில் ஒரு விழுக்காட்டை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்தப் பள்ளிக்குள் என்ன நடக்கிறது என்பதை விளக்குவதேயில்லை.

வலிப்பு, தைராய்டு குறை, காது கேளாமை ஆகியவற்றுக்கு மருத்துவம் உண்டு. அவற்றை முதலில் கவனித்தே ஆகவேண்டும். ஆனால் அறிவுசார் குறைபாட்டையோ ஆட்டிசத்தையோ போக்கிவிடும் மாத்திரை எதுவும் இல்லை. அங்கே வேலை செய்வது பயிற்சி. அந்தப் பயிற்சியைத் தரத் தெரிந்தவர் சிறப்பாசிரியர், நாங்கள் அல்லர்.

சட்டை போடக் கற்பிப்பதை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரே செயல். சிறப்பாசிரியருக்கோ பத்துப் பன்னிரண்டு படிகள். பொத்தான் போடும் கட்டம் வரும்போது, எல்லாப் பொத்தான்களையும் ஆசிரியரே போட்டு, கடைசிப் பொத்தானைப் பாதி நுழைத்துவிட்டு, மீதியை இழுக்கும் வேலையை மட்டும் குழந்தையிடம் விடுவார். அது கைவந்தபின் கடைசிப் பொத்தான் முழுவதும். பிறகு கடைசி இரண்டு. முடிப்பது எப்போதும் குழந்தையின் கை. தானே முடித்தோம் என்ற மகிழ்ச்சி அடுத்த நாளைக்கு இழுத்துச் செல்கிறது. பேச்சு வராத குழந்தைக்குத் தண்ணீர்க் குவளையின் படத்தைத் தொட்டுக் கேட்கப் பழக்குவதும் இவ்வாறே. படம் காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் வேண்டியதில்லை. கேட்டது கிடைக்கும் என்று அறிந்த குழந்தைக்கு அழுகையும் முரண்டும் குறைவதையே காண்கிறோம்.

இவை அனைத்தும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே எழுதப்படும் தனிநபர் கல்வித் திட்டத்தின்படி நடக்கின்றன. அதில் மதிப்பெண் இல்லை. இந்தப் பருவத்தில் என்ன கற்க வேண்டும், எவ்வளவு கற்றது என்ற கணக்குதான் உண்டு. அந்தத் திட்டத்தைப் பெற்றோருக்குக் காட்டாத பள்ளியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

எல்லாக் குழந்தைக்கும் சிறப்புப் பள்ளி தேவை என்பது எங்கள் கருத்தன்று. எழுத்தில் மட்டும் தடுமாறும் குழந்தை வழக்கமான பள்ளியிலேயே இருக்கலாம்; பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உள்ளன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தந்துள்ளது. தேர்வு உங்களுடையது.

தூரம்தான் உண்மையான தடை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே புதுச்சேரியில் 2003-இல் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளி இருக்கிறது. வடக்கே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. வழி தெரிந்தும், விடியுமுன் உப்பு வாரப் போகும் தாய் நாள்தோறும் குழந்தையோடு பேருந்து ஏறினால் அன்றைய கூலி போய்விடும். இதைக் கேளாமல் "ஏன் அனுப்பவில்லை?" என்று கடிந்துகொள்வது முறையன்று. பயணம் இயலாதவர்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தை அணுகலாம். கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகளின் வீட்டுக்கே சிறப்பாசிரியர் வந்து கற்பிக்கும் ஏற்பாடு உண்டு.

பெற்றோர் அளத்தில் இருக்கும் வேளையில் குழந்தையைப் பார்ப்பவர் பாட்டி. ஆகவே பள்ளியோ ஆசிரியரோ பயிற்சியை முதலில் பாட்டிக்கே கற்றுத்தர வேண்டும் என்போம். பொத்தானை அவசரத்தில் பாட்டி போட்டுவிட்டால் பள்ளியில் ஒரு வாரம் கற்றது வீணாகும். (அந்த வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் இன்னொன்றும் சொல்வோம்: பாத்தியிலிருந்து நேரே கொண்டுவரும் கல்லுப்பில் அயோடின் சேர்க்கப்பட்டிருப்பதில்லை, வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அயோடின் வேண்டும். சமையலுக்கு அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்துங்கள்.)

வலிப்பு மருந்து உண்ணும் குழந்தையாயின் ஆசிரியரிடம் மறைக்காதீர்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைக் குறிக்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும். கையில் இரும்புச் சாவி, வாயில் தண்ணீர் எதுவும் கூடாது. பள்ளியில் சேர்ந்துவிட்டான் என்று மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டோடு பள்ளிக் குறிப்பேட்டையும் கொண்டுவாருங்கள். நாங்கள் படித்துப் பார்த்து, ஆசிரியருக்கு எங்கள் குறிப்பையும் அதிலேயே எழுதித் தருகிறோம்.