மலக்குழிக் கொலையும் இரண்டாயிரம் ரூபாய் அபராதமும்

திருநின்றவூரில் எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இல்லை. தொட்டி நிரம்பினால் லாரியைத்தான் கூப்பிட வேண்டும். ஒரு லோடுக்கு ஏறக்குறைய 2,000 ரூபாய் கேட்கிறார்கள். நீதிமன்ற உத்தரவை மீறியவருக்கு 1971ஆம் ஆண்டின் அவமதிப்புச் சட்டம், 12ஆம் பிரிவில், விதிக்கும் உச்சபட்ச அபராதமும் அதே 2,000 ரூபாய்தான். சிறை என்றால் ஆறு மாத வெறுங்காவல்.

2014 மார்ச் 27 அன்று, சஃபாய் கரம்சாரி அந்தோலன் வழக்கில், பாதுகாப்புக் கருவியின்றி ஆளைச் சாக்கடையில் இறக்குவது குற்றம் என்றது உச்ச நீதிமன்றம். 1993 முதல் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில், பல்ராம் சிங் வழக்கில், அது 30 லட்சமானது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதர்களை இறக்கவே தடை என்றது. உயிரின் விலை ஏறுகிறது. உத்தரவை மீறுவதன் விலை 1971இலேயே நிற்கிறது.

இந்த மீறல் வெறும் அவமதிப்பும் அல்ல, தனிக் குற்றம். 2013ஆம் ஆண்டுச் சட்டம் முதல் முறைக்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் என்கிறது. குறைந்தபட்சத் தண்டனை இல்லை. அந்த ‘அல்லது’ வழியாகத்தான் ஒப்பந்தக்காரர் வெளியே வருகிறார்.

ஆறு மாதத்தை முழுமையாக விதிக்க நீதிமன்றத்துக்குத் தெரியாமலில்லை. 2017 மே மாதம் நீதிபதி கர்ணனுக்கு, பதவியில் இருக்கும்போதே, விதித்தது. அவர் செய்தது சரியா என்பது வேறு விவாதம். நீதிபதிகளின் மானத்துக்காக எழுந்த கோபம், உத்தரவு மீறப்பட்டு அருந்ததியர் சாகும்போது எங்கே போகிறது?

‘தண்டனையைக் கூட்டினால் லாரி டிரைவர்தானே மாட்டுவார்?’ எனச் சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான், ஆளை இறக்கச் சொன்ன உரிமையாளரும் டெண்டர் கொடுத்த அதிகாரியும் முதல் குற்றவாளிகளாக வேண்டும் என்கிறோம். மலம் அள்ள வைப்பவருக்குக் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்தாண்டு சிறை என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். ஒவ்வொரு மலக்குழி மரணத்திலும் முதல் தகவல் அறிக்கையிலேயே அந்தப் பிரிவு சேர வேண்டும். 2013 சட்டத்திலும் குறைந்தபட்சத் தண்டனை வேண்டும்.

சென்னை மாநகராட்சியின் எல்லை அம்பத்தூரோடு முடிகிறது. சாதி அங்கே முடியவில்லை. லாரியும் அங்கே நிற்பதில்லை.